அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோட்டுக்கு சைக்கிளில்: மூட்டு தாங்குமா, சர்க்கரை இறங்குமா?

கேள்வி: "எனக்கு வயது 44. வீடு சேலம் அம்மாபேட்டை. ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 என்று வந்திருக்கிறது. அதற்கு மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பிரஷருக்கு மட்டும் ஒன்று சாப்பிடுகிறேன். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மூன்று வாரம் காந்தி ஸ்டேடியத்துக்குப் போனேன், அதோடு நின்றுவிட்டது. பையன் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள் இரண்டு வருடமாக வீட்டில் சும்மா நிற்கிறது. அதில் ஆபீஸ் போகலாமா? படி இறங்கும்போது இடது முட்டி வலிக்கும். வெயில், வியர்வை, டிராபிக் எல்லாம் யோசனையாக இருக்கிறது. 'வண்டியை வித்துட்டீங்களா சார்' என்று கேட்பார்களே என்ற கூச்சமும் உண்டு. இதனால் எனக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?"

பதில்: போகலாம். உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தோன்றவில்லை. நான் சேலத்தில் பல வருடங்களாக மூட்டு, முதுகு வலிக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். உங்கள் முட்டியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன், நின்றுபோன நடையைப் பற்றி ஒரு வார்த்தை.

அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். நடைக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள், ராத்திரி மழை பெய்யும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வரும். எது வந்தாலும் முதலில் அடிபடுவது அந்த ஒரு மணி நேரம்தான். ஆபீஸ் போவதை யாரும் அப்படி விட்டுவிட முடியாது. எப்படியும் போயாக வேண்டிய ஆறு கிலோமீட்டருக்குள் உடற்பயிற்சியைப் புகுத்திவிட்டால், மனசு வருகிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது.

லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாள் முழுக்கப் படியேறி இறங்கினார். ஒரே பஸ், ஒரே வீதி. ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குத்தான் குறைவாக வந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று படியேறவில்லை, வேலை அவர்களை ஏறவைத்தது. சைக்கிளுக்கே நேரடியான ஆய்வும் உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கவனித்து 2017-ல் வெளியிட்டது அது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் ஆய்வு நடந்த காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, வண்டியிலோ பஸ்ஸிலோ போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் மிதிப்பவர் மற்ற பழக்கங்களிலும் கொஞ்சம் ஒழுங்காக இருப்பார் என்பதால், அந்த 41-ஐயும் முழுசாகச் சைக்கிளின் கணக்கில் எழுதிவிட முடியாது. பாதியை எழுதினாலும் பெரிய லாபம்தான்.

இப்போது உங்கள் சர்க்கரை. 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்டது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். நீங்கள் அதன் நடுவில் கொஞ்சம் மேலே நிற்கிறீர்கள். இந்த இடத்தில்தான் ஆபீஸ் சைக்கிளுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. சாதாரணமாக ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் தானே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. பெடல் மிதிப்பது அவைதான். எட்டு மணிக்கு நான்கு இட்லி சாப்பிட்டு எட்டரைக்குக் கிளம்புகிறீர்கள் என்றால், அந்த இட்லியின் சர்க்கரை ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே தொடை வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. வெறும் வயிற்றில் போகும் விடிகாலை நடையில் இந்தப் பொருத்தம் இல்லை. இந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிற்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக மிதிப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். நிதானமாக மிதித்தால் ஆறு கிலோமீட்டருக்கு 28 நிமிடம் ஆகும். போக வர 56. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. மூன்று நாள் போனாலே 168 நிமிடம் வந்துவிடும். மீதி நாட்களில் தாராளமாக வண்டியில் போங்கள், எனக்கு வருத்தமில்லை.

எடை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். போக வர பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி வேண்டும். வாரத்தில் மூன்று நாள் என்றால் ஒரு கிலோவுக்கு இரண்டரை மாதம். அதுவும் சாயங்காலம் 'இன்னிக்கு சைக்கிள் மிதிச்சோமே' என்று கூடுதலாக ஒரு தட்டுவடை செட் சாப்பிடாமல் இருந்தால்! எடை மெஷினைப் பார்த்து முதல் மாதமே மனம் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. எடை அசையாமல் இருக்கும்போதே இடுப்பு இறங்குவது உண்டு.

முட்டிக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் உங்களைப் போலவே முட்டி வலியோடு வந்தார். சைக்கிளால்தான் வலி, இனி தொடவே கூடாது என்று முடிவோடு வந்திருந்தார். சைக்கிளை உள்ளே கொண்டுவரச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னேன். சீட்டு அவ்வளவு தாழ்வு. பெடல் மேலே வந்தபோது முட்டி ஏறக்குறைய ஹேண்டில் பாரைத் தொட்டது. கால் தரையில் நன்றாக ஊன வேண்டும் என்று கடையில் அப்படி இறக்கி வைத்துவிட்டார்களாம். மூன்று விரல் உயரம் ஏற்றிக் கொடுத்தேன், கூடவே தொடைக்கு இரண்டு பயிற்சி. ஒன்றரை மாதத்தில் வலி போய்விட்டது. அதே சைக்கிளில்தான் இன்றும் போகிறார்.

படி இறங்கும்போது வலிப்பது பெரும்பாலும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வரும் வலி. கால் எவ்வளவுக்கு மடங்குகிறதோ அவ்வளவுக்குச் சில்லு எலும்போடு அழுந்தும். சீட்டு தாழ்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் அந்த அழுத்தம் கூடும். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடி மட்டத்துக்கு இறக்கி, குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். அப்படி இருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் இலேசான மடிப்பு மட்டும் இருக்கும். சீட்டு இந்த உயரத்தில் இருந்தால் நிற்கும்போது கால்விரல்கள்தான் தரையில் படும்; பத்து நாளில் பழகிவிடும். ஏற்றும்போது சீட்டுக் குழாய் இரண்டரை அங்குலமாவது சட்டத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் உடைந்துவிடும்.

சீட்டு சரியாக இருந்தால் சைக்கிள் முட்டிக்கு நடையைவிட இலகுவானது. சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் உடல் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. சைக்கிளில் உடம்பைச் சீட்டு தாங்கிக்கொள்வதால் அது ஏறக்குறைய உடல் எடை அளவோடு நின்றுவிடும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: பாரம் விழாததால் எலும்பு உறுதிப்பட சைக்கிள் உதவாது. ஆபீஸில் லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறிப் போங்கள், இறங்கும்போது மட்டும் முட்டி தேறும் வரை லிஃப்ட். முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரையைப் பற்றி ஒன்று. மெட்டோபிரோலால், அட்டெனோலால் வகை என்றால் அது நாடித்துடிப்பை ஏற விடாது. கையில் கட்டும் வாட்ச் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். 44 வயது, பிரஷர், சர்க்கரை எல்லைக்கோடு என்பதால் ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர் சொன்னால் ஈசிஜி எடுத்துவிடுங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் அங்கேயே இறங்கி உதவி கேளுங்கள். வீடு வரை சமாளித்துக்கொண்டு போகாதீர்கள்.

வெயில் நிஜமான சங்கடம்தான். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் 38, 39 டிகிரி சர்வசாதாரணம். அந்த இரண்டு மாதமும் அரை மணி முன்னதாகக் கிளம்பி, சாயங்காலம் ஆறுக்கு மேல் திரும்புங்கள். போனதும் சட்டை மாற்ற ஓடாதீர்கள். பத்து நிமிடம் ஃபேன் கீழே உட்கார்ந்து வியர்வை நின்ற பிறகு, ஈரத்துண்டால் துடைத்து மாற்றுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினாலே பாதி வியர்வை குறையும். புகையைப் பற்றியும் பயம் இருக்கும். காற்று ஓரளவு மாசுபட்ட நகரங்களிலும், உங்கள் அளவுக்குச் சைக்கிள் மிதிப்பதில் கெடுதலைவிட நன்மையே அதிகம் என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

ஐந்து ரோட்டில் மேம்பாலத்தில் ஏறாதீர்கள். கியர் இல்லாத சைக்கிளில் அந்த ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும், பின்னால் வருகிற வண்டிகளின் வேகமும் அதிகம். கீழ்ச்சாலையிலேயே போங்கள். ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று, தலையில் ஹெல்மெட். இரண்டும் கட்டாயம். நாலு மாதத்தில் கால் தேறியதும் ஏற்காட்டைப் பார்த்தால் ஆசை வரும். இந்தச் சைக்கிளில் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிடுவதைவிட, அதே இருபதை ரப்பர் பிரேக் கட்டையை நம்பி இறங்குவதுதான் ஆபத்து.

பெட்ரோல் மிச்சம் பெரிய தொகையில்லை, மாதம் முந்நூறு, முந்நூற்றைம்பது ரூபாய் வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சாயங்காலத்து அரை மணி நேரம். கணக்கில் இடித்த எண்ணைத் தலையில் சுமந்துகொண்டே வண்டியில் பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் நுழைகிறீர்கள். அந்தக் கோபம் பையன் மேல் விழுகிறது. சைக்கிளில் அது வழியிலேயே இறங்கிவிடும். அம்மாபேட்டைத் தெருவுக்குள் நுழையும்போது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்குமே, வண்டியில் வருகிறவர் காதில் அது விழுவதில்லை. ராத்திரித் தூக்கமும் நன்றாக வரும்.

கூச்சம் எனக்குப் புரிகிறது. முதல் வாரம் கேட்பார்கள், இரண்டாம் வாரமும் ஒருவர் கேட்பார். "சர்க்கரை 6.2, அதான்" என்று நேராகச் சொல்லுங்கள். அந்த அறையில் இன்னும் இரண்டு பேருக்காவது அதே பிரச்சினை இருக்கும். அவர்கள் உங்களிடம் தனியாக வந்து விசாரிப்பார்கள்.

இரண்டு வருடம் நின்ற சைக்கிள் என்பதால் டியூப், பிரேக் கட்டை, பிரேக் வயர் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள், டயரில் வெடிப்பு இருந்தால் அதையும். சனிக்கிழமை சாயங்காலமே கடையில் கொண்டுபோய் விடுங்கள். செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டை நான் சொன்ன உயரத்துக்கு ஏற்றி வாங்கி வாருங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது ஆபீஸ் வாசல் வரை ஒருமுறை போய்த் திரும்புங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முதல் வாரம் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் போதும். அடுத்த வாரத்திலிருந்து மூன்று நாள். அந்தப் பரிசோதனை பார்ப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை; சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், மூன்று மாதம் முடிந்த பிறகு அந்தச் சராசரி சர்க்கரையை அதே லேபில் மறுபடி பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.