ஒரே எண்ணெய்க் கிணற்றின் அடியாழத்தில் எடுத்த இரண்டு பாட்டம்ஹோல் சாம்பிள்களில் பப்பிள் பாயின்ட், அதாவது எண்ணெயிலிருந்து வாயு குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தம், 2,600, 2,250 பிஎஸ்ஐ என்று வருகிறது. சராசரி எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. அடுத்தடுத்து எடுத்த ஜோடி, ரிசர்வாயர் (எண்ணெய் தங்கியிருக்கும் பாறை அடுக்கு) வெப்பநிலையில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். உங்களுடையது 13 சதவீதம் விலகுகிறது. குறைந்தது ஒன்றாவது கெட்டுப்போன சாம்பிள். சராசரி எடுத்தால் அந்தப் பிழையும் கணக்கில் ஏறிவிடும்.

முதலில் லேபில் பாருங்கள். வால்வு கசிந்ததா? சாம்பிளை ரிசர்வாயர் வெப்பநிலைக்குச் சூடாக்கி, பப்பிள் பாயின்ட்டுக்கு நன்றாக மேலே அழுத்தம் ஏற்றி, வாயு முழுவதும் எண்ணெயில் கரைந்து ஒரே கட்டமாகும்வரை குலுக்கிய பிறகுதான் வேறு சிலிண்டருக்கு மாற்றினீர்களா? ஆறிய நிலையில் மாற்றினால் வாயு ஒரு பக்கமும் திரவம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும். மெழுகோ அஸ்பால்டீனோ (தார் போன்ற கனமான பொருள்) இருக்கும் எண்ணெய்க்கு இந்தச் சூடாக்கலுக்கே சில நாட்கள் ஆகும்.

லேபில் குறை இல்லையென்றால் கிணற்றுக்கு வாருங்கள். சாம்ப்ளர் (மாதிரி பிடிக்கும் கருவி) மூடிய ஆழத்தில் இருந்த அழுத்தத்தோடு இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று அதோடு அப்படியே பொருந்தினால், அங்கே வாயு ஏற்கெனவே பிரிந்திருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது மிச்சத் திரவம். ஒன்று, கிணற்றை மூடிவைத்தபோது ரிசர்வாயரில் இருக்கும் நிலை அழுத்தத்தையே தாண்டினால், தனி வாயுவும் உள்ளே புகுந்திருக்கிறது.

இதற்கு மருந்து கிணற்றைத் தயார்செய்வதுதான். சோக்கை (கிணற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறப்பு) படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஜிஓஆர், அதாவது வாயு-எண்ணெய் விகிதம், நிலைப்படும்வரை காத்திருங்கள். ஓட்டத்தைக் குறைத்தும் ஜிஓஆர் மாறாத கட்டத்தில்தான் சாம்ப்ளரை இறக்க வேண்டும், மூன்றாவது சாம்பிளும் எடுத்தால் இன்னும் நல்லது. ஊடுருவுதிறன் குறைந்த பாறையில் இதற்கு நாட்கணக்காகும். உற்பத்தி போகிறதே என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த எண்ணெய் பாறைக்குள்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. ஆனால் ரிசர்வாயர் அழுத்தமே பப்பிள் பாயின்ட்டுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு காத்திருந்தாலும் பழைய திரவம் திரும்பி வராது.

மேலே வாயுவையும் எண்ணெயையும் பிரிக்கும் செப்பரேட்டரில் இரண்டையும் தனித்தனியே சாம்பிள் எடுத்துக் கலந்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். கேஸ் கண்டென்சேட்டுக்கு (அழுத்தம் குறைந்தால் திரவம் பிரியும் வாயு) அதுதான் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஜிஓஆர் தவறினால் கலவையும் தவறும். என் ஆதங்கமே இங்குதான்: எண்ணெயை அளந்தது செப்பரேட்டரிலா டேங்கிலா, வாயுக் கணக்கில் எந்த அடர்த்தி மதிப்பையும் இசட் காரணியையும் (வாயு இலட்சிய விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) போட்டார்கள் என்று தாளில் எழுதுவதே இல்லை. இந்த மூன்று வரி இல்லாமல் வரும் சிலிண்டரை வைத்து லேப் எந்த விகிதத்தில் கலக்கும்?