கல்யாண டிஜே: வாட்ஸ் கணக்கு, மைக் ஊளை, இன்னும் சில சந்தேகங்கள்

கேள்வி: டிஜே தொழிலில் புதிதாக இறங்குகிறேன். பெரும்பாலும் 150 பேர் வரும் கல்யாணங்கள்தான். 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கும் 15 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது) ஒரு ஜோடி வாங்கினால் போதுமா?

பதில்: அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 2000 பெரும்பாலும் பீக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம் அது. விடாமல் தரக்கூடியது ஆர்எம்எஸ். அது பாதி இருந்தாலே நல்ல பெட்டி. போதாததற்கு, வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று காது ஒத்துக்கொள்ளச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் ஆகும். எனவே 1000-ஆ 1200-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்குப் பதில், விவரத் தாளில் ‘அதிகபட்ச எஸ்பிஎல்’ (எட்டக்கூடிய அதிகபட்சச் சத்த அளவு) என்ற வரியைத் தேடுங்கள். 1 மீட்டரில் 126 டெசிபல் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் கழியும்: 2 மீட்டரில் 120, 4-ல் 114, 8-ல் 108, 16-ல் 102. இதுவும் உச்சக் கணக்குதான். பாட்டின் சராசரி அதற்கு 10, 12 டெசிபல் கீழே ஓடும். ஆக, 16 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பது 90 சொச்சம். அரங்குக்குள் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு இழப்பு இராது.

உங்கள் கணக்குக்கு, அரங்குக்குள் என்றால் 12 இஞ்ச் டாப் (ஸ்டாண்டில் ஏற்றும் முக்கிய ஸ்பீக்கர்) இரண்டும் 18 இஞ்ச் சப் (பேஸுக்கென்றே உள்ள பெட்டி) ஒன்றும் போதும். 15 இஞ்ச் டாப் வாங்கிவிட்டு ‘சப் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல். பெரிய கோன் பேஸையும் குரலையும் சேர்த்துச் சுமக்கும்போது அடிபடுவது குரல். ஒரே ஆளாகத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றவும் 12 இஞ்ச்தான் சுலபம்.

சப் வந்த பிறகும் டாப்பைப் பழையபடி முழு பேஸோடு ஓடவிடுகிறவர்கள் அதிகம். மிக்சரிலிருந்து சப்புக்கும், சப்பின் அவுட்டிலிருந்து டாப்புக்கும் கேபிள் இழுங்கள். சப்பின் பின்பக்கம் ஹைபாஸ் (கீழ் அலைவரிசைகளைத் தடுக்கும்) சுவிட்ச் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் டாப்பின் மெனுவிலேயே 100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 100-க்குக் கீழே உழைக்க வேண்டாத டாப்பில் குரல் பளிச்சென்று தெளியும், இன்னும் சில டெசிபல் தாங்கவும் செய்யும். டாப்பின் ஹாரன் (மேல் ஒலிகள் வரும் புனல் வாய்), ஆடுகிறவர்கள் தலைக்கு மேல், தரையிலிருந்து 2 மீட்டராவது இருக்கட்டும். திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் சப் இரண்டு இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: வாழ்த்திப் பேச மைக் கொடுத்ததுமே ஊளையிடுகிறது. மிக்சரில் டிரெபிளைக் குறைத்தும் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை. இந்த ஃபீட்பேக்கைத் தானாக அடக்கும் கருவி வாங்கலாமா?

பதில்: டிரெபிள் குமிழ் ஏன் கைகொடுக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். பல மிக்சர்களில் அது 10,000, 12,000 ஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது. மைக் கீச்சிடுவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 வரை. ‘ஊ’ என்று அடித்தொண்டையில் ஊளையிட்டால் 200 முதல் 500 வரை. நீங்கள் திருகியது வேறு இடத்தை.

கருவி வாங்கும் முன், செலவில்லாமல் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் மைக்கை நெஞ்சுக்கு நேரே, வாயிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறார். அதை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரல் 18 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழை) இறக்கலாம். ஊளையும் அத்தோடு இறங்கும். மைக்கைக் கொடுக்கும்போதே ‘உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம், அதுவும் டிஜே வேலைதான்.

அடுத்தது, கை. பாடகர்களைப் பார்த்துப் பலரும் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கிறார்கள். கார்டியாய்டு (முன்பக்கத்தை முக்கியமாகக் கேட்கும்) மைக், பின்பக்கத்துச் சத்தத்தை ஒதுக்குவது அந்த வலைக்குக் கீழே இருக்கும் திறப்புகளால்தான். அவற்றை அடைத்துவிட்டால் நாலாபக்கமும் கேட்கும் மைக்காகிவிடும், ஸ்பீக்கர் சத்தம் நேரே உள்ளே போகும்.

மூன்றாவது, இடம். பேசுகிறவர் டாப் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்துதான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பக்கத்து டாப்பை மட்டும் குறையுங்கள். பேசாத மைக் ஒவ்வொன்றும் மியூட்டில் இருக்கட்டும். திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டித்தால், ஊளை தொடங்கும் அளவு 3 டெசிபல் முன்னதாகவே வந்துவிடும். பேச்சுக்கு எக்கோ வேண்டவே வேண்டாம்.

இதற்கு மேல்தான் ஈக்யூ, அதாவது அலைவரிசைவாரியாகக் கூட்டிக் குறைப்பது. விருந்தினர் வருவதற்கு முன், பேசப்போகும் இடத்திலேயே மைக்கை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மைக் சானலில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் போட்டுவிட்டு, மற்ற குமிழெல்லாம் நடுவில் இருக்க, ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். முதல் ரீங்காரம் கேட்டதும் கையை நிறுத்துங்கள். எந்த அலைவரிசை என்று கண்டுபிடித்து அதை மட்டும் குறுகலாக 3 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். மீண்டும் ஏற்றினால் அடுத்தது கிளம்பும், அதையும் வெட்டுங்கள். இரண்டு அல்லது மூன்று வெட்டோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகும். பிறகு ஃபேடரை 6 டெசிபல் இறக்கிவிட்டு அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட கருவி செய்வதும் இதே வெட்டைத்தான். ஆனால் பாட்டில் நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தையும் ஃபீட்பேக் என்று நினைத்து வெட்டிவிடும். வாங்கினால் மைக் சானலில் மட்டும் போடுங்கள், மாஸ்டரில் கூடாது.

கேள்வி: ஒரே வருடத்தில் இரண்டு முறை ட்வீட்டர் (ஸ்பீக்கரில் மேல் ஒலிகளைத் தரும் பகுதி) போய்விட்டது. கம்பெனி சரியில்லை என்கிறார் ரிப்பேர் செய்பவர். கன்ட்ரோலரில் (லேப்டாப் பாட்டை ஓட்டும், மிக்சரும் அடங்கிய கருவி) சிவப்பு எரியும்தான், ஆனால் சத்தம் நன்றாகத்தானே வருகிறது?

பதில்: கம்பெனியை விடுங்கள், அந்தச் சிவப்புதான் காரணமாக இருக்க வேண்டும். மிக்சரால் முடிந்த அளவைத் தாண்டும்போது அலையின் தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. அப்போது மேல் அலைவரிசைகள் புதிதாக முளைக்கின்றன, சராசரி பவரும் ஏறுகிறது. அவ்வளவும் வந்து சேர்வது தலைமுடி கனத்துக் கம்பியால் சுற்றிய ட்வீட்டர் காயிலில். ‘பவர்டு ஸ்பீக்கருக்குள் லிமிட்டர் (அளவு மீறாமல் தடுப்பது) இருக்கிறதே’ என்பீர்கள். லிமிட்டர் தன் ஆம்ப்ளிஃபையரைக் காக்கும். மிக்சரிலேயே வெட்டுப்பட்டு வரும் சிக்னலை அதற்கு அடையாளம் தெரியாது.

அளவு வைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஸ்பீக்கரின் குமிழை முழுக்க இறக்குங்கள். பாட்டின் அதிகச் சத்தமான இடத்தை ஓடவிட்டு, சானல் டிரிம்மில் (உள்ளே வரும் சிக்னலின் அளவுக் குமிழில்) பச்சையின் உச்சி வரை, எப்போதாவது மஞ்சளைத் தொடும்படி வையுங்கள். மாஸ்டரும் அதேபோல. அதன் பிறகு ஸ்பீக்கரின் குமிழை ஏற்றி அரங்குக்கு வேண்டிய சத்தத்தைக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் மைக்/லைன் சுவிட்ச் இருந்தால் லைனில் இருக்கிறதா என்று பார்க்கவும். மைக்கில் விட்டுவிட்டால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும், கொஞ்சம் ஏற்றியதுமே கரகரப்பும் வரும்.

நேரம் ஆக ஆகக் காது மரத்துப்போகும், கூட்டமும் சத்தம் போடும், கை தானாக ஃபேடரைத் தள்ளும். அதனால் தொடக்கத்திலேயே 6 டெசிபல் மிச்சம் வைத்துத் தொடங்குங்கள். அந்த மிச்சமும் தீர்ந்துவிட்டால், உங்களிடம் இருக்கும் ஸ்பீக்கர் அந்த அரங்குக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது வாடகைக்கு இன்னொரு ஜோடி எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ‘உம்ம்’ என்று இரைகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: இரைச்சல் நிற்கலாம். ஆனால் ஏதாவது கசிவு ஏற்பட்டால் மைக் பிடித்திருப்பவர் உடல் வழியாகத்தான் அது எர்த்துக்குப் போகும். எந்தக் காரணத்துக்கும் எர்த்தைக் கழற்றாதீர்கள். இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து ஒரு வளையமாவதால் வரும் இரைச்சல் இது. லேப்டாப், கன்ட்ரோலர், மிக்சர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தி அந்த வளையத்தை அறுக்கும் சிறு பெட்டி) போடுங்கள். ஸ்பீக்கர் வரை நீண்டு போவது எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கு வரும் மூன்று முனை) கேபிளாகவே இருக்கட்டும். ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனை உள்ள) கேபிளை 2, 3 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம்.

கேள்வி: கரண்ட் கேபிள் டிரம்மில் பாதிதான் தேவைப்படுகிறது. மீதியைச் சுற்றியபடியே விடலாமா?

பதில்: கூடாது. சுற்றிய வயரில் சூடு வெளியேற வழியில்லை. லோடு ஏறினால் இன்சுலேஷன் உருகும். முழுக்க அவிழ்த்து, நடக்கிறவர்கள் காலில் படாமல் ஓரமாக ஒட்டுங்கள். நீண்ட தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் நல்லது. விளக்குகளுக்கு வேறு சர்க்யூட் கேளுங்கள். ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கர் முதல்.

கேள்வி: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சப் வைக்கிறேன். ஆடும் இடத்தின் நடுவில் இடிக்கிறது, சில அடி தள்ளினால் பேஸே இல்லை. சப்பில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, இடம்தான் சிக்கல். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். ஒரு சப்பிலிருந்து இருக்கும் தூரமும் மற்றதிலிருந்து இருக்கும் தூரமும் அதில் பாதி, அதாவது 2.15 மீட்டர் வித்தியாசப்படும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டையும் ஒட்டி ஒரே இடத்தில் வையுங்கள், முடிந்தால் சுவரை ஒட்டி. பள்ளம் போய்விடும், ஒரே சப்போடு ஒப்பிட்டால் 6 டெசிபல் வரை கூடவும் செய்யும். சேர்த்து வைத்த பிறகும் பேஸ் குறைந்தால் ஒன்றின் போலாரிட்டி சுவிட்ச் (அலையைத் தலைகீழாக்குவது) மாறியிருக்கிறது.

கேள்வி: ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்று வயதானவர்கள் வருகிறார்கள், ‘ஏற்று’ என்று இளைஞர்கள் வருகிறார்கள்.

பதில்: இரண்டு பேருக்கும் ஒரே ஃபேடரால் பதில் சொல்ல முடியாது. டாப்பின் முகத்தை ஆடும் இடத்தின் நடுவை நோக்கி உட்பக்கம் திருப்புங்கள். பெரியவர்களுக்கான மேசைகள் அதன் நேர்ப் பார்வையில் இல்லாதபடி போடச் சொல்லுங்கள். இதை மேசை போடும் முன்பே பேசிவிட வேண்டும், பிறகு நடக்காது. எவ்வளவு சத்தம் என்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன மேல் எல்லை 15 நிமிடச் சராசரி 100 டெசிபல். கல்யாணத்தில் அதைத் தொடவேண்டிய அவசியமே இல்லை, 95 தாராளம்.

கேள்வி: வயர்லெஸ் மைக் ஒத்திகையில் நன்றாக இருந்தது, கூட்டம் சேர்ந்ததும் விட்டு விட்டு வருகிறது.

பதில்: உங்களுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்காக இருந்தால், வந்தவர்கள் கையிலுள்ள போன்களின் வைஃபை, புளூடூத் எல்லாம் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. வேறு அலைவரிசையில் ஓடும் யூஎச்எஃப் மைக்குக்கு மாறுங்கள். எந்த அலைவரிசைக்கு உங்கள் நாட்டில் அனுமதி என்று பார்த்து வாங்குங்கள். மனித உடல் சிக்னலை விழுங்கும். ரிசீவரை மேசைக்கடியில் வைக்காமல், மைக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி.

கேள்வி: உதிரியாக ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

பதில்: ஒயர் மைக் ஒன்று, அதற்கு 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள். லேப்டாப் படுத்துவிட்டால் போனிலுள்ள பாட்டை மிக்சரில் செருகிச் சமாளிக்கலாம்; அதற்கான சின்ன கேபிளையும் அதே பையில் போட்டு வையுங்கள்.