100 சிசி வண்டிக்கு அடுத்து அப்பாச்சி 200 வாங்கலாமா, கிளாசிக் 350 வாங்கலாமா?

100 சிசி ஸ்பிளெண்டரில் ஓட்டிப் பழகியவர் நீங்கள். இப்போது டிவிஎஸ்ஸின் அப்பாச்சி, ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். சிசியை, அதாவது இன்ஜின் கொள்ளளவை, மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டுமே ஏறக்குறைய 20 குதிரைத்திறன்தான். ஸ்பிளெண்டரில் இருப்பது 8.

பெரிய வித்தியாசம் எடையில். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, அப்பாச்சி 150-ஐ ஒட்டி, கிளாசிக் 195. ஓடும்போது அது தெரியாது. சரிவான பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளும்போதும், நெரிசலில் யு-டர்ன் அடிக்கும்போதும், மணலில் கால் ஊன்றும்போதும்தான் தெரியும். அதனால் டெஸ்ட் ரைடு போனால் வேகம் பார்ப்பதோடு நிறுத்தாமல், இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிப் பாருங்கள்.

தினமும் நகரத்துக்குள்தான் ஓட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அப்பாச்சி எடுங்கள். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 80-இல் நிதானமாகப் போவதற்குக் கிளாசிக் சுகம். குறைந்த ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, இழுவை கிடைப்பதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம், பிரேக். டிரம் பிரேக் வண்டியில் பின்பிரேக்கை மிதித்தே பழகியிருப்பீர்கள். புது வண்டியில் பெரும்பகுதி வேலை முன் டிஸ்க் பிரேக்குக்குத்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும், முதல் வாரம் காலியான சாலையில் முன்பிரேக்கை அழுத்திப் பழகிய பிறகே நெரிசலுக்குள் போங்கள்.