பாத்ரூமைச் சூடாக்குவதா, தண்ணியைச் சூடாக்குவதா?

கேள்வி: வட்டக்கச்சியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. மார்கழி, தையில் காலையில் குளித்தால் நடுங்கிப்போகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, பாத்ரூம் சுவரில் கரண்ட் ஹீற்றர் பூட்டச் சொல்லிக் காசும் அனுப்பிவிட்டார். எதை வாங்கலாம், எப்படிப் பூட்டலாம்?

பதில்: அண்ணா சொல்வது அவர் இருக்கிற ஊருக்குச் சரி. அங்கே பாத்ரூம் இறுக மூடிய அறை. எங்கள் பாத்ரூம்களில் சுவருக்கு மேலே காற்றுப்போக இடம் விட்டிருப்போம், 2 கிலோவாட் ஹீற்றரை ஒரு மணித்தியாலம் எரித்தால் 2 யூனிட் கரண்டும் அந்த இடைவெளியால் வானத்துக்குத்தான். அம்மாவை நடுக்குவது காற்றைவிடத் தண்ணி. 20 லீற்றர் வாளித் தண்ணியை 25 பாகையிலிருந்து 40க்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் போதும். ஆகவே வாங்குவதென்றால் தண்ணி ஹீற்றர்.

கடையில் உடனடிச் சூடு தருவது, தொட்டி வைத்தது என்று இரண்டு வகை காட்டுவார்கள். முதலாவது 3.5 கிலோவாட்டாவது இருக்கும், அதாவது 15 அம்பியர். அதை ஏற்கெனவே இருக்கிற 13 அம்பியர் பிளக்கில் கொழுவவே கூடாது, மெயின் போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். 5.5 கிலோவாட் என்றால் 24 அம்பியர், வீட்டுக்கு வருவதே 30 அம்பியர் இணைப்பென்றால் தண்ணி மோட்டரும் அயனும் சேர்ந்து ஓடும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்று, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் சூடு முக்கால்வாசிதான் கிடைக்கும். டாங்கி உயரம் குறைவென்றால் தண்ணி அமுக்கம் காணாமல் ஹீற்றர் வேலையே செய்யாது, பெட்டியில் எழுதியிருக்கும் அமுக்கத்தைப் பாருங்கள், 10 மீற்றர் உயரத்துக்கு 1 bar (அமுக்க அலகு)தான் வரும். என்னைக் கேட்டால் 15 லீற்றர் தொட்டி, 1.5 கிலோவாட். ஆனால் வன்னிக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் அதிகம், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? படிந்தால் உள்ளே இருக்கும் கொயிலையும் அது மூடும், கழற்றித் துப்புரவாக்கக்கூடியதை வாங்குங்கள்.

ஹீற்றருக்கு முதல் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துவது) இருக்கிறதா, எர்த் கம்பி உண்மையாகவே நிலத்துக்குள் போகிறதா என்று தகுதியுள்ள எலெக்ட்ரீசியனை வைத்து அளந்து பாருங்கள். ஆடி ஆவணியில் மண் காய்ந்தபின் அளந்தால்தான் எர்த்தின் உண்மை தெரியும். ஹீற்றர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். சரி, அண்ணா மனம் கோணாமல் இருக்கச் சுவர் ஹீற்றரும் பூட்டத்தான் வேண்டுமென்றால் IPX4 (தண்ணி தெறித்தாலும் தாங்கும்) என்று போட்டதை மட்டும், ஷவரில் இருந்து தள்ளி, கைக்கு எட்டாத உயரத்தில். தரையில் வைக்கும் ஃபான் ஹீற்றரை ஈரத் தரைப்பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வி: வாளிக்குள் போடும் கொயில் மலிவாக இருக்கிறதே, அது போதாதா? (புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். கரண்ட் இருக்கும்போது தண்ணிக்குள் விரல் வைத்துச் சூடு பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, கொயில் பழுதென்றால் அதுதான் ஆபத்து. 1.7 லீற்றர் கேத்தில் இரண்டு தரம் கொதிக்கவைத்து 16 லீற்றர் பச்சைத்தண்ணியில் ஊற்றினால் 38 பாகை அளவில் வரும். பச்சைத்தண்ணியை முதலில் விடுங்கள், கொதிதண்ணி பிறகு. அதுவும் வேண்டாமென்றால் காலையில் மோட்டரைப் போட்டு நேரே கிணற்றுத் தண்ணியில் வாளியை நிரப்புங்கள், இரவு முழுக்க டாங்கியில் கிடந்த தண்ணியைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.