பாஸாகும் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி கேட்க முடியாதா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் இருக்கிறோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் பேச்சில் கெட்டிக்காரன், ஆனால் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறான். அரசுப் பள்ளியில் கேட்டால், "பாஸாகிறானே", "வீட்டில் தமிழ் பேசுவதால் இருக்கும்", "கூடுதல் வாசிப்பு வகுப்பு கொடுத்துப் பார்ப்போம்" என்று ஒரு வருடமாக இழுக்கிறார்கள். வற்புறுத்தினால் கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: வராது. பள்ளி தரும் கல்வி, சிறப்புக் கல்வி உட்பட, 'பப்ளிக் சார்ஜ்' (அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று கிரீன் கார்டுக்குப் பார்க்கும் சோதனை) கணக்கில் சேராது. அந்தப் பயத்தில் இன்னொரு வருடத்தை இழக்காதீர்கள்.

பள்ளி சொல்லும் காரணங்கள் எதுவும், சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டை மறுக்கப் போதாது. ஐ.டி.இ.ஏ. என்ற மத்திய சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதிகள்படி, எந்தப் பாடத்திலும் தோற்காமல் மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் சிறப்புக் கல்வி பெறும் உரிமை உண்டு. கூடுதல் வாசிப்பு வகுப்பைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பள்ளி தமிழைக் காரணம் காட்டுவதற்குப் பதில் சொல்லத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஆங்கிலம் போதாததுதான் தடுமாற்றத்துக்குத் தீர்மானமான காரணம் என்றால் சிறப்புக் கல்வி கிடைக்காது. மகன் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான், தமிழ் எழுத்திலும் இதே சிரமப்படுகிறான் என்றால் அந்த வாதம் விழுந்துவிடும். இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

டெக்சாஸில் இந்த இழுத்தடிப்புக்கு ஒரு பின்னணி உண்டு. சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டுகிறார்களா என்று மாநிலம் பல வருடங்கள் பள்ளி மாவட்டங்களை (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளை) கண்காணித்தது. தேவையுள்ள பிள்ளைகளை மதிப்பிடாமல் விட்டு மாநிலம் சட்டத்தை மீறியதாக 2018-ல் மத்திய கல்வித் துறை அறிவித்தது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சியம் இல்லை. பள்ளி முதல்வருக்கும் பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐ.டி.இ.ஏ. சட்டத்தின் கீழ் முழுமையான தனி மதிப்பீடு வேண்டும், டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) உட்பட சந்தேகப்படும் எல்லாத் துறைகளிலும் சோதிக்க வேண்டும், ஒப்புதல் படிவம் அனுப்ப வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் ஒப்புதல் படிவம் தர வேண்டும், அல்லது மறுப்பதன் காரணத்தை 'ப்ரையர் ரிட்டன் நோட்டீஸ்' என்ற எழுத்து அறிவிப்பாகத் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டிய கட்டத்தில் பல பள்ளிகள் மனம் மாறிவிடும்.

பெற்றோர் பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். மதிப்பீட்டுக்கான 45 பள்ளி நாட்கள், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் பள்ளிக்குக் கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். கோரிக்கை அனுப்பிய நாள் கணக்கில்லை. கோடை விடுமுறை நாட்களும் இதில் சேராது. மகன் 3 பள்ளி நாட்களோ அதற்கு மேலோ வராவிட்டால் கெடுவும் அத்தனை நாள் நீளும். இந்தியப் பயணம் இருந்தால் தேதியை யோசித்து வையுங்கள்.

அறிக்கை முடிந்ததும் 30 நாட்களுக்குள் ஏ.ஆர்.டி. குழு (சிறப்புக் கல்வியை முடிவு செய்யும் பள்ளிக் குழு) கூடி, தகுதியை முடிவு செய்து ஐ.இ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதும். நீங்களும் அந்தக் குழுவின் உறுப்பினர். அறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். தேவையென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், செலவு பள்ளியுடையது. "வாசிப்பில் முன்னேறுவான்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல் சரியாக வாசிக்கிறான், வருட முடிவில் எத்தனை வாசிக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை நிமிடம் யார் கற்பிப்பார்கள் என்பதெல்லாம் வர வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் கூட்டத்தை ஒருமுறை 10 பள்ளி நாட்கள் வரை ஒத்திவைக்கக் கேட்கலாம். மதிப்பீட்டுக்கான ஒப்புதல் வேறு, சேவைக்கான ஒப்புதல் வேறு. முதல் கையெழுத்து இரண்டாவதற்குச் செல்லாது.

மதிப்பீடே தவறென்று பட்டால், வெளி நிபுணரின் மதிப்பீட்டைப் பள்ளியின் செலவில் கேளுங்கள். அவர்கள் பணம் தர வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரியென்று நிரூபிக்கத் தாங்களே 'டியூ ப்ராசஸ்' என்ற முறையான சட்ட விசாரணையைக் கோர வேண்டும். பள்ளி கெடுவைத் தவறவிட்டால் மாநிலக் கல்வி முகமையில் 1 வருடத்துக்குள் இலவசமாகப் புகார் தரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, தேதியிட்ட உங்கள் மின்னஞ்சல்களை இணைத்தால் போதும்.