விராலடிப்பான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் இருக்கிறேன். போன அக்டோபரில் குடும்பத்தோடு கேப் மே பாயின்ட் ஸ்டேட் பார்க் போனோம். கலங்கரை விளக்கில் ஏறினோம், கடலோரத்து ராணுவ பங்கரையும் பார்த்தோம். பறவை மேடையில் இரண்டு மணி நேரம் நின்றும் தூரத்தில் சில கழுகுகள்தான். பையனுக்கு ஒரே சலிப்பு. நல்ல கேமரா லென்ஸ் வாங்கிக் கொடுத்தால் ஆர்வம் வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

லென்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பங்கர் 1942இல் கட்டும்போது கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கடல் கரையை அரித்து அதைத் தேடி வந்துவிட்டது. மிச்சத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பையனோடு இரண்டு மணி நேரம் நின்றீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. ஆனால் காற்றைப் பார்த்துக் கிளம்பியிருக்கலாம். குளிர் இறங்கி வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில்தான் தெற்கே போகும் பறவைகள் அந்த முனையில் வந்து குவியும். எதிரே டெலவேர் விரிகுடா. அவ்வளவு தண்ணீரைத் தாண்டத் தயங்கி அங்கேயே வட்டமடிக்கும். மற்ற நாளில் கலங்கரை விளக்கின் 199 படிகளை எண்ணிவிட்டு வரலாம்.

சரி, என் கோபம் வேறு. அதென்ன 'சில கழுகுகள்'? 1976 முதல் அங்கே ஆள் நின்று வேட்டைப் பறவைகளை இனம் இனமாகப் பிரித்து எண்ணுகிறார்கள். வெண்தலைக் கழுகும் வரும்தான். நீங்கள் பார்த்தது அதுவாகவே இருந்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டம். படபடவென்று நாலு அடி அடித்துவிட்டு வழுக்கிப் போனால் வல்லூறு வகை. கூர்த்த சிறகோடு விரட்டிப் பாய்ந்தால் பைரி. இத்தனை பெயர் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழுகு என்ற ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டுகிறோம்.

என் ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. மார்கழியில் குளத்துப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "விராலடிப்பான் வந்துட்டான்ல" என்பாள். மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை அது, ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே. தண்ணீரில் நிழலைப் பார்த்தாளா, நாரைகள் கலைந்த சத்தத்தைக் கேட்டாளா, தெரியாது. நான் நிமிர்வதற்குள் அது காலை நீட்டிக்கொண்டு விழுந்திருக்கும். எழும்பி, நனைந்த நாய் மாதிரி உடம்பை ஒரு உதறு. அப்புறம் காலில் இருக்கும் மீனைத் தலை முன்னால் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆச்சி கேட்பாள்: "விராலா, கெண்டையா?"

கேப் மே வானத்தில் போவதும் அதே இனம்தான். அடுத்த அக்டோபரில் பையனை மறுபடி கூட்டிப் போங்கள். யாரிடமாவது ஒரு பைனாகுலர் இரவல் வாங்கினால் போதும். என்ன மீன் என்று அவனிடம் கேட்டு எழுதுங்கள். மறுபடி கழுகு என்று எழுதினால் பதில் வராது.