பிரிந்துபோவோம் என்ற மிரட்டல் – கடிதம்

வணக்கம் ஐயா,

அமெரிக்க அடிமைமுறை பற்றிய கட்டுரையில் வடக்கின் செனட்டர் டேனியல் வெப்ஸ்டரைக் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். 1850இல் அவர் அடிமைமுறை விஷயத்தில் தெற்கு மாநிலங்களோடு சமரசத்துக்கு இறங்கி வராவிட்டால் தெற்கு அப்போதே பிரிந்திருக்காதா? கிடைத்த பத்தாண்டு அவகாசத்தில்தானே வடக்கு ரயிலும் ஆலையுமாக வளர்ந்து பிறகு போரில் வென்றது?

– கே., திருச்சி

அன்புள்ள கே.,

அவகாசம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது நமக்கு இன்று தெரிகிற கணக்கு. வெப்ஸ்டர் போருக்கு நாள் கடத்தவில்லை. ரத்தமில்லாமல் பிரிவினை நடக்காது என்று பயந்தார், அந்தப் பயத்தில் இறங்கி வந்தார். விலையை அவர் கொடுக்கவில்லை, அடிமைகள் கொடுத்தார்கள். அந்தச் சமரசத்தோடு வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரியும் கிடையாது. விசாரிக்கும் ஆணையர் அவரை எஜமானிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். ஒப்படைப்பதில் எழுத்து வேலை அதிகமாம்!

இன்னொன்று. பிரிவினை பேசும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற 1820 விவாதத்திலிருந்தே தெற்கத்தியர் அதை நாடாளுமன்றத்தில் கூசாமல் சொல்லிவந்தார்கள். 1842 ஜனவரியில் வடக்கே மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரார் 46 பேர், ஒன்றியத்தை அமைதியாகக் கலைத்துவிடும்படி மனு எழுதினார்கள். அப்போது பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்த முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதை அவையில் வைத்தார். அவருக்கே அதில் உடன்பாடில்லை. ஏற்க முடியாததற்குக் காரணம் சொல்லிப் பதில் தாருங்கள் என்றுதான் கேட்டார். உடனே தெற்கு உறுப்பினர்கள் தேசத்துரோகம் என்று கொதித்து அவர்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 74 வயதுக் கிழவர் சளைக்காமல் நின்று, அரசியல் பந்தத்தை அறுத்துக்கொள்வது பற்றிப் பேசும் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியைப் படிக்கச் சொல்லி, நாள்கணக்கில் அவர்களை வறுத்தெடுத்தார். கடைசியில் 106க்கு 93 என்று தீர்மானம் கிடப்பில் போனது.

1860இல் நியூயார்க் கூப்பர் யூனியனில் லிங்கன் தெற்கின் இந்த மிரட்டலை நன்றாகவே கிண்டலடித்தார்: வழிப்பறிக்காரன் காதோரம் துப்பாக்கியை வைத்து, 'பணத்தை எடு, இல்லாவிட்டால் உன்னைக் கொன்றுவிடுவேன், கொலைகாரன் நீதான்' என்கிறானாம்.

அப்படிச் சொன்னவரும் அந்தப் பயத்துக்குத் தப்பவில்லை. 1861 மார்ச்சுக்குள் தெற்கின் ஏழு மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. அதற்குப் பிறகும், மாநிலங்களில் உள்ள அடிமைமுறையில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) என்றைக்கும் தலையிடக்கூடாது என்ற கார்வின் அரசியல் சட்டத் திருத்தத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. பதவியேற்பு உரையில் தனக்கு ஆட்சேபமில்லை என்றார் லிங்கன். போன ஏழில் ஒன்றுகூட அதற்காகத் திரும்பவில்லை.